விழுங்கிய பிறகும் சாகாத கிருமி

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. பத்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு இரத்தக் கல்ச்சரில் டைபாய்டு என்று உறுதியாகி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கி மூன்று நாள் ஆகிறது. இன்னமும் சாயங்காலமானால் காய்ச்சல் 102 டிகிரிக்கு ஏறுகிறது. மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். "கிருமி வெள்ளையணுக்களுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்றார் மருத்துவர். வெள்ளையணு கிருமியைக் கொல்லும் போர்வீரன் என்றுதானே பள்ளியில் படித்தோம்? அதில் கிருமி எப்படி ஒட்டுகிறது, எப்படி உள்ளே நுழைகிறது? ஒட்டவிடாமல் தடுக்க மருந்து இல்லையா? ரிப்போர்ட்டில் வெள்ளையணு எண்ணிக்கை 3,800 என்று குறைவாக வேறு இருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்கு ஏதாவது பொடி கொடுக்கலாமா, இல்லை வெள்ளையணு கூடினால் கிருமிக்கு வீடு கூடுமா?

பதில்: முதலில் தம்பி. டைபாய்டில் சரியான மருந்து தொடங்கிய பிறகும் நான்கைந்து நாள் காய்ச்சல் நீடிப்பது வழக்கம். சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். மூன்றாம் நாள் சாயங்காலம் 102 என்பதால் மட்டும் மருந்து தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. நாளுக்கு நான்கு முறை காய்ச்சலைக் குறித்து வையுங்கள். உச்சம் மெல்ல மெல்ல இறங்குகிறதா, பசி எடுக்கிறதா, முகத்தில் தெளிவு வருகிறதா என்று பாருங்கள். வயிறு கடுமையாக வலித்தாலோ, உப்பினாலோ, மலம் கறுத்தோ இரத்தமாகவோ போனாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ, அசாதாரணமாகத் தூங்கி வழிந்தாலோ அந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோய் மூன்றாவது வாரத்தை நெருங்கும்போது குடலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன், பயமுறுத்த அல்ல.

இனி உங்கள் கேள்வி. நான் நுண்ணுயிரியல் மருத்துவர். இரத்தத்தை விட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில்களைத் தினமும் கையில் வைத்துப் பார்ப்பது என் வேலை. உங்கள் மருத்துவர் சொன்ன அந்த ஒரு வரி முழுக்கச் சரி. அவசரத்தில் சொல்லியிருப்பார், நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

போர்வீரன் என்ற உவமைதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். டைபாய்டு கிருமி குடியேறும் வெள்ளையணுவின் பெயர் மேக்ரோபேஜ். பெயருக்குப் பொருளே 'பெருந்தீனி தின்பவன்'. அதன் அன்றாட வேலை சண்டை அல்ல, துப்புரவு. ஆயுள் முடிந்த சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உட்கார்ந்து விழுங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் இப்படிப் போகின்றன. ஆக, இது எப்போதும் வாயைத் திறந்தே வைத்திருக்கும் செல். இந்த விழுங்கலின் முக்கியத்துவத்தைக் கண்டு சொன்னவர் மெட்ச்னிகோஃப் என்ற ரஷ்ய உயிரியலாளர். 1882-இல் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தார். செல்கள் ஊர்ந்து வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாய் திறந்திருக்கும் ஒருவனின் வயிற்றுக்குள் போவது பெரிய காரியமில்லை. போன பிறகு செரிக்காமல் இருப்பதுதான் சாமர்த்தியம்.

ஒட்டுவதும் நுழைவதும் ஒன்றல்ல. இதை லேபில் கண்ணால் பார்க்கலாம். ஒரு தட்டின் அடியில் மேக்ரோபேஜ்களை வளர்த்து, அதைப் பனிக்கட்டிமேல் வைத்து, கிருமியை ஊற்றி அரைமணி நேரம் காத்திருந்து கழுவினால், செல்லின் ஓரமெல்லாம் கிருமிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றுகூட உள்ளே போயிருக்காது. அதே தட்டை 37 டிகிரி செல்சியசுக்கு, அதாவது உடல் சூட்டுக்கு, மாற்றுங்கள். செல்லின் சவ்வு நெளிந்து எழும்பி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒட்டியிருந்தவை பலவும் உள்ளே போய்விடும். ஒட்டுவதற்கு இரண்டு பரப்புகளின் வடிவம் பொருந்தினால் போதும், குளிரிலும் நடக்கும். நுழைவதற்குச் செல் உழைக்க வேண்டும். அதன் உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் கட்டிக் கட்டிக் கலைந்து சவ்வை முன்னே தள்ள வேண்டும். அந்த இழைகளை முடக்கும் மருந்தைக் கலந்துவிட்டால் உடல் சூட்டிலும் கிருமி வெளியேதான் தொங்கும்.

சரி, எதில் ஒட்டுகிறது? மேக்ரோபேஜின் மேற்பரப்பு முழுக்க ஏற்பிகள் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சில ஏற்பிகள் கிருமியின் மேலிருக்கும் சர்க்கரைகளையே நேராகப் பிடிக்கும். மானோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பி அப்படிப்பட்டது. வேறு சில, நம் இரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் கிருமிமேல் படிந்திருந்தால் அந்தப் படிவைப் பிடிக்கும். இன்னும் சில, ஆன்டிபாடி (கிருமிக்கு எதிராக உடல் செய்யும் புரதம்) ஒட்டிய கிருமியை ஆன்டிபாடியின் வாலைப் பற்றி இழுக்கும். இப்படி கிருமிமேல் படிந்து அதை விழுங்கத் தோதாக்கும் பொருட்களுக்கு 1903-இல் ஆப்சோனின் என்று பெயர் வைத்தார்கள். உணவைத் தயார்செய்வது என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். கிருமிக்கு மசாலா தடவுவது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

கிருமியின் பக்கத்திலும் கொக்கிகள் உண்டு. டைபாய்டு கிருமி சேர்ந்த சால்மொனெல்லா வகையின் உடலைச் சுற்றி மயிரிழைபோல் ஃபிம்ப்ரியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒருவகை இழையின் நுனியிலுள்ள புரதம் நம் செல்களின் மேலிருக்கும் மானோஸ் சர்க்கரையைக் கவ்வும். ஆக, இரண்டு பக்கமும் கை நீட்டுகின்றன. யார் முதலில் பிடித்தது என்று கேட்டால் பல நேரம் பதில் கிடையாது.

எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து உள்ளே கிடைக்கும் உபசாரமும் மாறும். எல்லாரும் விட்டுவிடும் இடம் இது. காசநோய்க் கிருமி இதற்கு நல்ல உதாரணம். அது பெரும்பாலும் காம்ப்ளிமென்ட் ஏற்பி, மானோஸ் ஏற்பி வழியாக நுழைகிறது. இவை கூச்சல் போடாத வாசல்கள், செல்லின் நச்சு ஆயுதங்களை அவ்வளவாக எழுப்புவதில்லை. விழுங்கும்போது செல்லின் சவ்வு கிருமியைச் சுற்றி ஒரு பையாகிவிடும். உள்ளே போன காசநோய்க் கிருமி, தான் இருக்கும் அந்தப் பையை, அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் பையோடு சேரவிடாமல் நிறுத்திவைக்கிறது. இதை 1971-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஹார்ட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். நான்கு வருடம் கழித்து அவர்களே கிருமிமேல் ஆன்டிபாடியைப் பூசிக் கொடுத்தார்கள். இந்த முறை பைகள் சேர்ந்துவிட்டன! அதே கிருமி, அதே செல், வாசல் மட்டும் வேறு. (பைகள் சேர்ந்தும் கிருமி லேசில் சாகவில்லை என்பது வேறு கதை. காசநோய்க் கிருமியிடம் எதுவும் ஒரே படியில் முடிவதில்லை.)

உங்கள் தம்பியின் கிருமி இன்னும் கைகாரன். சால்மொனெல்லா டைபி வாய்வழியாகப் போய், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் எம் செல்கள் என்ற காவல் செல்களை அடைகிறது. குடலில் போகிறவற்றைக் கொஞ்சம் அள்ளி, கீழே இருக்கும் எதிர்ப்புச் செல்களுக்கு மாதிரி காட்டுவதுதான் எம் செல்லின் வேலை. அந்த அள்ளலிலேயே கிருமி தொற்றிக்கொண்டு போய்விடும். யாரும் அள்ளாவிட்டாலும் அதனிடம் வேறு வழி இருக்கிறது: ஊசி. நிஜமாகவே ஊசி வடிவம்தான். 1998-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய நீளமுள்ள உள்ளீடற்ற குழல். கிருமி செல்லோடு ஒட்டி நின்று அதன் சவ்வில் இதைச் செருகித் தன் புரதங்களை உள்ளே செலுத்துகிறது. அவற்றில் சோப்-ஈ என்ற புரதம் செல்லின் ஆக்டின் பொத்தானை அழுத்திவிடுகிறது. தின்னும் பழக்கமே இல்லாத செல்கூட, தண்ணீரில் கல் விழுந்தால் சுற்றிலும் எழும்புவதுபோல் சவ்வை எழுப்பிக் கிருமியை மூடிக்கொள்கிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது அடுத்த படி. அதே ஊசி வழியாக எஸ்பிடி-பி என்ற இன்னொரு புரதமும் போகிறது. அது சோப்-ஈ அழுத்திய பொத்தானைத் திரும்ப அணைத்துவிடும். சவ்வு பழையபடி சமனாகிவிடும். உள்ளே வந்த திருடன் கதவையும் சாத்திவிடுகிறான். இந்த விவரங்களில் பெரும்பகுதி, எலிக்கு நோய் தரும் சால்மொனெல்லா டைபிமூரியத்தில் ஆராய்ந்து தெரிந்தவை. டைபி மனிதனைத் தவிர யாரையும் தாக்காததால் நேரடி ஆராய்ச்சி கடினம். அதனிடமும் இந்த ஊசி உண்டு.

குடலைத் தாண்டியதும் மேக்ரோபேஜ் காத்திருக்கிறது. இங்கே ஊசி அவ்வளவு தேவையில்லை, அவனே விழுங்குவான். டைபி இங்கே இன்னொன்றும் செய்கிறது. வி-ஐ என்ற சர்க்கரைப் போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. குடலுக்குள் இருந்தவரை அதைப் போடுவதில்லை, ஊசி வேலைக்கு இடைஞ்சல். உள்ளே வந்ததும் போட்டால் காம்ப்ளிமென்ட் படிவது குறைகிறது, எச்சரிக்கை மணி அடிக்கும் வெளிச்சுவர்ச் சர்க்கரையும் மறைகிறது. நியூட்ரோஃபில் போன்ற முரட்டு வெள்ளையணுக்கள் ஓடிவந்து சூழ்வதும் குறைகிறது. டைபாய்டு சத்தமில்லாமல் ஒன்றிரண்டு வாரம் உள்ளே வளர்ந்த பிறகே காய்ச்சலாக வெளியே தெரிவதற்கு இந்தப் போர்வையும் ஒரு காரணம்.

விழுங்கிய மேக்ரோபேஜ் வழக்கம்போல் பையை அமிலமாக்குகிறது. சாதாரணக் கிருமிக்கு அது சாவு. சால்மொனெல்லாவுக்கு அது விலாசம். அமிலம் ஏறுவதையும் மக்னீசியம் குறைவதையும் உணரும் புரதங்கள் அதனிடம் உண்டு. 'வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம்' என்று அதற்கு அப்போதுதான் தெரிகிறது. உடனே இரண்டாவது ஊசி ஒன்றைக் கட்டுகிறது. இது பையின் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குத்தும் ஊசி. இதன்வழியாகப் போகும் புரதங்கள், கொல்லும் சரக்கு தன் பைக்கு வருவதைத் திசைதிருப்பி, பையைக் குடியிருக்கத் தோதாக மாற்றுகின்றன. மேக்ரோபேஜோ ஊர்ந்து போகும் செல். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று அது போகுமிடமெல்லாம் கிருமிக்கு இலவசப் பயணம்.

இப்போது உங்கள் மருத்துவர் சொன்ன 'பொறுங்கள்' என்பதற்கு வருகிறேன். மாணவனாக இருந்தபோது நான் செய்த ஒரு சோதனை. தட்டில் மேக்ரோபேஜ், மேலே சால்மொனெல்லா. அரைமணி கழித்துக் கழுவி, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஊற்ற வேண்டும். வெளியே இருப்பவை எல்லாம் செத்துவிடும். ஜென்டாமைசின் செல்லுக்குள் சரியாக இறங்காது, அதனால் விழுங்கப்பட்டவை தப்பிக்கும். பிறகு மருந்தைக் கழுவிவிட்டு, சோப்பு போன்ற திரவத்தால் செல்லை உடைத்து, உள்ளே இருந்ததைத் தட்டில் பரப்பினால் மறுநாள் எத்தனை புள்ளிகள் முளைக்கின்றனவோ அத்தனை கிருமி உள்ளே இருந்தது என்று கணக்கு. ஒருநாள் தட்டில் எண்ண முடியாத அளவு புள்ளிகள். 'என் கிருமிதான் உலகத்திலேயே வேகமாக நுழையும் கிருமி' என்று துள்ளிக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து, மூடி பிரிக்கப்படாத ஜென்டாமைசின் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். ஊற்றவே மறந்திருந்தேன்.

இதில் சிகிச்சைக்கான பாடம் என்னவென்றால், சோதனைக் குழாயில் ஜென்டாமைசின் டைபியை அருமையாகக் கொல்லும், நோயாளியிடம் தோற்கும். அதனால்தான் ரிப்போர்ட்டில் அந்த மருந்து வேலை செய்யும் என்று நாங்கள் எழுதுவதில்லை. உங்கள் தம்பிக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோனும் செல்லுக்குள் தாராளமாக இறங்கும் மருந்தல்ல. ஆனாலும் டைபாய்டில் வேலை செய்கிறது. செல் சிதைந்து கிருமி வெளியே வரும்போதெல்லாம் பிடிக்கிறது. அதனால் வேகம் கொஞ்சம் குறைவு, நாள் கணக்கும் முக்கியம். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வேறு மாதிரி. இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக வெள்ளையணுக்களுக்குள் சேரும். உடனே 'அப்படியானால் அதற்கு மாற்றச் சொல்லலாமா' என்று தோன்றும். நீங்களாக மாற்ற வேண்டாம். கல்ச்சர் ரிப்போர்ட், நோயின் கடுமை எல்லாம் பார்த்து முடிவெடுப்பது உங்கள் மருத்துவர் வேலை. ஐந்தாறு நாள் தாண்டியும் உச்சம் இறங்கவே இல்லையென்றால் அவரிடம் இந்தக் கேள்வியைத் தாராளமாகக் கேளுங்கள்.

கல்ச்சரில் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன். டைபாய்டு நோயாளியின் ஒரு மில்லி இரத்தத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு உயிருள்ள கிருமிதான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. அதிலும் பாதிக்கு மேல் வெள்ளையணுவுக்குள். டைபாய்டு இருப்பவர்களிலேயே பாதியை ஒட்டிய அளவுக்குத்தான் இரத்தக் கல்ச்சரில் சிக்குகிறது. மேக்ரோபேஜ்கள் கூடியிருக்கும் எலும்பு மஜ்ஜையில் எடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அது எல்லாருக்கும் செய்கிற சோதனையல்ல. 'இவ்வளவு இரத்தம் எதற்கு எடுக்கிறீர்கள்' என்று எங்களைத் திட்டுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

ஒட்டவிடாமல் தடுக்க மருந்து இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, பலர் முயன்றுகொண்டிருக்கிற கேள்வி. சோதனைத் தட்டில் மானோஸ் சர்க்கரையைக் கரைத்துவிட்டால் ஃபிம்ப்ரியேயின் கொக்கி அதிலேயே நிறைந்துபோய், செல்லில் ஒட்டுவது குறைகிறது. ஆனால் கிருமியிடம் ஒரே ஒரு கொக்கி இல்லை. ஒன்றை அடைத்தால் வேறொன்று. மேக்ரோபேஜ் பக்கமும் வாசல்கள் பல. எல்லாவற்றையும் அடைத்தால் அது தன் துப்புரவு வேலையை எப்படிச் செய்யும்? தவிர, காய்ச்சல் வரும்போது கிருமி நுழைந்து பல நாளாகிவிட்டது. ஒட்டும் நேரத்தில் குறுக்கே நிற்க இன்று கையிலிருக்கும் நல்ல ஆயுதம் தடுப்பூசிதான். வி-ஐ போர்வைக்கு எதிராக ஆன்டிபாடியை முன்கூட்டியே வைத்திருந்தால், மறைவதற்காகப் போட்ட போர்வையே பிடிபடும் அடையாளமாகிவிடும். குணமான பிறகு தம்பிக்கு எப்போது போடலாம் என்று கேட்டு வையுங்கள். நோய் ஒருமுறை வந்ததால் இனி வராது என்று கிடையாது.

3,800 பற்றி. டைபாய்டில் வெள்ளையணு குறைவது மிகச் சாதாரணம். காய்ச்சலோடு எண்ணிக்கை கூடாமல் குறைந்திருந்தால் எங்களுக்கு டைபாய்டு நினைவுக்கு வருவதே அதனால்தான். கிருமி தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தமல்ல, நோய் இறங்கும்போது தானாக ஏறும்.

'வீடு கூடுமா' என்று கேட்டீர்களே, அதை ரசித்தேன். எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த மேக்ரோபேஜுக்கு உத்தரவு வந்ததா என்பது. டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையை அனுப்பும்போதுதான், கிருமியைச் சும்மா வைத்திருந்த மேக்ரோபேஜ் விழித்து, பைக்குள் நச்சு வாயுவையும் நொதிகளையும் பாய்ச்சி, கிருமிக்கு வேண்டிய இரும்புச்சத்தையும் வெளியே இறைத்துவிடுகிறது. பிறவியிலேயே இந்தச் சமிக்ஞையில் கோளாறு உள்ளவர்கள் அபூர்வமாக இருக்கிறார்கள். மற்ற பல தொற்றுகளைச் சமாளிக்கும் அவர்கள், குறிப்பாகச் சால்மொனெல்லாவிடமும் காசநோய் வகைக் கிருமிகளிடமும் மாட்டிக்கொள்கிறார்கள். செல்லுக்குள் ஒளியும் கிருமிக்கு எதிராக எது வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த உத்தரவைக் கொடுக்கும் பொடி எதையும் நான் அறியேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியை, குடல் புண்ணாகியிருக்கும் நேரத்தில் கொடுக்கவே வேண்டாம். நீர் ஆகாரம், மிருதுவான உணவு, தூக்கம் போதும்.

அப்புறம், வீட்டுக்குப் போகும் நாளில் இரண்டு விஷயம். காய்ச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன கடைசி நாள்வரை முடிக்க வேண்டும். செல்லுக்குள் மிச்சமிருப்பவை மருந்து நின்ற இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கிளம்புவது உண்டு. அந்த நாட்களில் காய்ச்சல் திரும்பினால் கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மறுபடி இரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, குணமான பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி போகலாம். மருத்துவர் சரி சொல்லும்வரை தம்பி மற்றவர்களுக்குச் சமைப்பது, பரிமாறுவது வேண்டாம். கழிவறை போனபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை, அவனுக்கு 19 வயதென்றாலும், நீங்கள் நின்று பாருங்கள்.